அபூஹுரைரா (ரழி): திண்ணையில் ஒதுங்கியவரும் அவரது பூனைக்குட்டியும்

காப்பகத்தில் தந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இதற்கு முன்னர் பூனை வளர்த்திருக்கிறீர்களா? இல்லை என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. நான் பூனை வளர்த்ததில்லை, பூனைகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் விறகு அடுக்கிய மூலையில் ஊர்ப் பூனை ஒன்று நான்கு குட்டிகள் ஈன்றது. கண் திறந்து சில நாட்கள்தான் இருக்கும். வீடு நாறுகிறது, தொழும் இடத்துக்கு வருகிறது என்று வீட்டில் பேச்சு வந்தது. ஒரு நாள் ஸுபஹுக்குப் பின்னர் தாய் இல்லாத நேரம் பார்த்து நான்கையும் ஒரு சாக்கில் போட்டு, மீன் சந்தைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தேன். மீன் தலை கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று முழுவதும் தாய்ப்பூனை வீட்டைச் சுற்றிக் கத்தியது. நான் பாடசாலைக்குப் போய்விட்டேன்.

பாடசாலையில் நான் கற்பித்தது இஸ்லாம் பாடம். 28 வருடங்கள் கற்பித்தேன். அபூஹுரைரா என்பதன் பொருள் என்ன என்பது ஒரு புள்ளி வினா. பூனைக்குட்டியின் தந்தை என்று பிள்ளைகள் எழுதுவார்கள், நான் சரி போடுவேன். அன்று காலையிலும் போட்டிருப்பேன்.

ஓய்வுபெற்ற பின்னர்தான் அந்த ஸஹாபியின் வரலாற்றைப் பரீட்சைக்காக அல்லாமல் எனக்காக வாசித்தேன். வாசிக்க வாசிக்க, அந்த ஒரு புள்ளி விடைக்குள் ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் இருப்பது விளங்கியது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆடு மேய்த்த பிள்ளை

அரபுத் தீபகற்பத்தின் தென்மேற்கில், யெமன் பக்கத்து மலைநாட்டில் வாழ்ந்த அஸ்த் கோத்திரத்தின் ஒரு கிளை தவ்ஸ். அந்தக் கூட்டத்தில்தான் அபூஹுரைரா (ரழி) அவர்கள் பிறந்தார்கள். அறியாமைக் காலத்தில் அவர்களுக்கு அப்து ஷம்ஸ், அதாவது சூரியனின் அடிமை என்று பெயர் இருந்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். இஸ்லாத்தை ஏற்ற பின்னர் அப்துர் ரஹ்மான் ஆனார்கள். தந்தையின் நிழல் அதிக காலம் கிடைக்கவில்லை. அநாதையாக வளர்ந்ததைப் பிற்காலத்தில் அவர்களே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டு ஆடுகளை மேய்ப்பது அவர்களது வேலை. அந்த நாட்களில் ஒரு சின்னப் பூனை அவர்களிடம் இருந்தது. இரவில் அதை ஒரு மரத்தில் வைப்பார்கள். விடிந்ததும் எடுத்துக்கொண்டு மேய்ச்சலுக்குப் போவார்கள், அதோடு விளையாடுவார்கள். அதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் அபூஹுரைரா. பின்னாளில் ஒருவர் கேட்டபோது அவர்களே இந்தக் காரணத்தை விளக்கியதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது.

இந்தச் செய்தியை நான் வகுப்பில் நூறு தடவை சொல்லியிருப்பேன். ஆனால் அந்த மரத்தை ஒருநாளும் யோசித்ததில்லை. இரவில் ஏன் மரம்? ஆடுகளின் காலடியில் மிதிபடாமல் இருக்கலாம், ஏதாவது மிருகம் கவ்விக்கொண்டு போகாமல் இருக்கலாம். காரணம் எதுவானாலும், தகப்பன் இல்லாத ஒரு பிள்ளை, தன்னைவிடச் சின்ன ஓர் உயிர் இரவில் எங்கே உறங்கும் என்று கவலைப்பட்டிருக்கிறது. நான் நான்கு குட்டிகளைச் சந்தையில் விட்டுவந்த அன்றிரவு அவை எங்கே உறங்கும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை.

வளர்ந்த பின்னரும் வறுமை விடவில்லை. புஸ்ரா பின்த் கஸ்வான் என்ற பெண்மணியிடம் கூலிக்கு நின்றார்கள். வயிற்றுக்குச் சாப்பாடும், பயணத்தில் முறை வைத்து வாகனத்தில் ஏறிக்கொள்ளும் உரிமையும்தான் கூலி. அவர்கள் இறங்கும் இடத்தில் விறகு பொறுக்க வேண்டும், புறப்படும்போது ஒட்டகங்களுக்குப் பாட்டுப் பாடி ஓட்ட வேண்டும். காலம் மாறி, அதே பெண்மணியையே பின்னர் மணமுடித்தார்கள். அல்லாஹ் தன்னை எங்கிருந்து எங்கே கொண்டுவந்தான் என்பதை நன்றியோடு நினைவுகூர்வது அவர்களது வழக்கமாக இருந்தது.

மதீனாவை நோக்கி

தவ்ஸ் கூட்டத்துக்கு இஸ்லாத்தைக் கொண்டுபோனவர் துபைல் இப்னு அம்ர் (ரழி). மக்காவில் நபி (ஸல்) அவர்களைச் சந்தித்து இஸ்லாத்தை ஏற்று, ஊர் திரும்பித் தன் மக்களை அழைத்தார். பெரும்பாலானோர் கேட்கவில்லை. மனம் நொந்து திரும்பி வந்து, தவ்ஸுக்கு எதிராகப் பிரார்த்திக்குமாறு நபியவர்களிடம் வேண்டினார். கூட்டமே அழியப் போகிறது என்று அருகிலிருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் நபியவர்கள் தவ்ஸுக்கு நேர்வழி காட்டி அவர்களைக் கொண்டுவந்து சேர்க்குமாறு அல்லாஹ்விடம் கேட்டார்கள். அந்த துஆவின் பலனாக வந்தவர்களில் ஒருவர்தான் அபூஹுரைரா (ரழி).

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, கி.பி. 628. நபியவர்கள் கைபர் யுத்தத்துக்குச் சென்றிருந்த வேளை அது. மதீனாவை நோக்கி வரும் வழியில் அபூஹுரைராவுடன் இருந்த அடிமை தவறிப்போய்விட்டார். நபியவர்களிடம் பைஅத் செய்துவிட்டு அமர்ந்திருந்த நேரத்தில் அந்த அடிமை வந்து சேர்ந்தார். இதோ உம் அடிமை என்று நபியவர்கள் காட்டியபோது, அல்லாஹ்வுக்காக அவர் விடுதலை என்று அங்கேயே அறிவித்துவிட்டார்கள். கையில் வேறொன்றும் இல்லாத மனிதர் செய்த விடுதலை அது.

பள்ளிவாசலின் திண்ணை

மதீனாவில் அவர்களுக்கு வீடில்லை. தொழிலில்லை, உறவினர் தோட்டமும் இல்லை. ஒதுங்கியது மஸ்ஜிதுந் நபவியின் ஸுஃப்ஃபாவில். கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஃபாவை நோக்கி மாற்றப்பட்ட பின்னர், பள்ளியின் வடபுறத்தில் கூரை போட்ட ஒரு பகுதி எஞ்சியது. குடும்பமும் இருப்பிடமும் இல்லாத முஹாஜிர்கள் அதில் தங்கினார்கள். நமது உலமாக்கள் அவர்களைத் திண்ணைத் தோழர்கள் என்று அழகாகச் சொல்வார்கள். அவர்களில் 70 பேரைத் தான் கண்டதாகவும் ஒருவருக்கும் முழு மேலாடை இருக்கவில்லை என்றும் அபூஹுரைரா (ரழி) அறிவித்திருக்கிறார்கள். இருந்த ஒற்றைத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். சிலருக்கு அது அரைக்காலுக்கு வரும், சிலருக்குக் கணுக்கால் வரை எட்டும். மானம் தெரியாதிருக்கக் கையால் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தத் திண்ணையை ஊர் எப்படிக் கவனித்தது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தோட்டம் உள்ள அன்ஸாரிகள் பேரீச்சங் குலைகளைக் கொண்டுவந்து பள்ளியில் தொங்கவிடுவார்கள். இருவருக்குச் சாப்பாடு உள்ளவர் மூன்றாவதாக ஒருவரை அழைத்துப் போகட்டும் என்று நபியவர்கள் ஏவினார்கள். அபூபக்ர் (ரழி) மூவரை அழைத்துச் சென்றார்கள், நபியவர்கள் பத்துப் பேரை அழைத்துச் சென்றார்கள். ஏழைகளிடம் மிகவும் நல்லவராக இருந்தவர் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) என்று அபூஹுரைரா நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வீட்டில் உள்ளதைத் தருவார்கள். ஒன்றுமில்லாத நாளில் காலியான நெய்த் தோற்பையை எடுத்துவந்து கிழித்துத் தருவார்கள். உள்ளே ஒட்டியிருப்பதை நக்கிக்கொள்வார்கள்.

இடமில்லாதவருக்கு முதலில் ஒதுங்க ஓர் இடம். பிறகு, முடிந்தவர் வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போவது. மதீனா பசியை எதிர்கொண்ட வழி இதுதான். ஸஹாபாக்களை வேறு எதனோடும் ஒப்பிட நான் துணியவில்லை. அல்லாஹ் பாதுகாப்பானாக. கருணை நடந்த அந்த வழியைத்தான் சொல்கிறேன்.

பசியோ சாதாரணப் பசியல்ல. வயிற்றில் கல்லைக் கட்டிக்கொள்வார்கள். மிம்பருக்கும் ஆஇஷா (ரழி) அவர்களின் அறைக்கும் இடையில் மயங்கி விழுந்து கிடப்பார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து வருபவர் கழுத்தில் காலை வைப்பார். பைத்தியமில்லை, பசி.

ஒரு நாள் தாங்க முடியாமல் பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். அபூபக்ர் (ரழி) கடந்து போனார்கள். அவர்களிடம் ஓர் ஆயத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஆயத்துத் தெரியாமல் கேட்கவில்லை. பேச்சு வளர்ந்து வீட்டுக்கு அழைத்துப் போவார்களா என்ற எதிர்பார்ப்பு. அபூபக்ர் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். உமர் (ரழி) வந்தார்கள், அதே கேள்வி, அவர்களும் போய்விட்டார்கள். பிறகு நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள், விளங்கிக்கொண்டார்கள். அபூ ஹிர் என்று கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தில் நான் கிதாபை மூடி வைத்துவிட்டேன். ஹிர் என்றாலும் பூனைதான். பசியில் சுருண்டு பாதையோரம் உட்கார்ந்திருந்த மனிதரை, அவர் சிறு வயதில் மரத்தில் ஏற்றிக் காத்த பூனையின் பெயரால் நபியவர்கள் அழைத்திருக்கிறார்கள். பொருள் சரியில்லாத பெயர்களை மாற்றிவைப்பது நபியவர்களின் வழக்கம். சூரியனின் அடிமை என்ற பெயர் போய்விட்டது. பூனையின் பெயர் போகவில்லை. அது வெட்கப்பட வேண்டிய பெயராக நபியவர்களுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் அன்பளிப்பாக வந்த ஒரு கோப்பைப் பால் இருந்தது. திண்ணைத் தோழர்களையும் கூட்டிவரச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் இந்த ஒரு கோப்பை எங்கே போதும், எனக்கு என்ன மிஞ்சும் என்று அபூஹுரைராவுக்கு உள்ளூரக் கவலை. அந்தக் கவலையையும் மறைக்காமல் அவர்களே அறிவித்திருக்கிறார்கள். எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பொறுப்பும் அவர்களிடமே தரப்பட்டது. ஒருவர் வயிறு நிறையக் குடித்துக் கோப்பையைத் தருவார், அடுத்தவரிடம் போகும். கடைசியில் நபியவர்களும் அவர்களும் மட்டும் மிஞ்சினார்கள். குடி என்றார்கள், குடித்தார்கள். திரும்பத் திரும்பக் குடிக்கச் சொன்னார்கள், இனி இடமில்லை என்று சொல்லும் வரை குடித்தார்கள். எஞ்சியதை நபியவர்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி அருந்தினார்கள்.

உம்மாவின் கதவு

அபூஹுரைராவின் தாயார் நெடுநாள் இஸ்லாத்தை ஏற்கவில்லை. ஒரு நாள் அழைத்தபோது நபியவர்களைப் பற்றி மனம் புண்படும்படி பேசிவிட்டார். அபூஹுரைரா அழுதுகொண்டு நபியவர்களிடம் ஓடினார்கள். தாயைப் பற்றி முறையிடவில்லை, தாய்க்காக துஆ கேட்டார்கள். துஆவைப் பெற்றுக்கொண்டு வீடு வந்தால் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம். அங்கேயே நில் என்று உம்மாவின் குரல். குளித்து உடுத்து, அவசரத்தில் முக்காட்டையும் மறந்து கதவைத் திறந்து, ஷஹாதா சொன்னார்கள். மறுபடியும் அழுதுகொண்டு நபியவர்களிடம் ஓடினார்கள். இம்முறை ஆனந்தக் கண்ணீர். தன்னையும் தாயையும் முஃமின்களின் மனங்களில் பிரியமானவர்களாக ஆக்க துஆ கேட்டார்கள், நபியவர்கள் கேட்டார்கள். இன்று நம் ஊர்ப் பள்ளியில் ஒரு ஹதீஸ் வாசிக்கப்படும்போது ரழியல்லாஹு அன்ஹு என்று நம் வாயில் வருகிறதே, அந்த துஆ இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அவர் கொண்டுவந்து தந்தவை

நபியவர்களோடு இருந்தது சில ஆண்டுகள்தான். ஆனால் வியாபாரமும் தோட்டமும் மற்றவர்களை அழைத்தபோது, வயிற்றுப்பாடு கிடைத்தால் போதுமென்று அவர்கள் நபியவர்களோடேயே இருந்துவிட்டார்கள். மறதியைப் பற்றி முறையிட்டபோது மேலாடையை விரிக்கச் சொல்லி, பின்னர் அதைச் சேர்த்து அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள் நபியவர்கள். அதன்பிறகு கேட்டதை மறக்கவில்லை. அவர்கள் வழியாக வந்த அறிவிப்புகள், திரும்ப வருபவற்றையும் சேர்த்து, 5374 என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அறிவித்தவர்கள் 800 பேருக்கு மேல் என்று இமாம் புகாரி (ரஹ்) குறிப்பிட்டுள்ளார்கள்.

அந்த ஆயிரக்கணக்கானவற்றில் இரண்டு என்னை விடவில்லை. ஒன்று, பூனையைக் கட்டி வைத்த பெண்ணைப் பற்றியது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, பூமியில் உள்ளதைத் தின்று பிழைத்துக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை. அது செத்தது, அவள் நரகம் புகுந்தாள். இதை இப்னு உமர் (ரழி) போன்றவர்களும் அறிவித்திருக்கிறார்கள். இரண்டாவது, தாகத்தில் ஈரமண்ணை நக்கிய நாயைக் கண்டவரைப் பற்றியது. கிணற்றில் இறங்கித் தன் தோல் காலணியில் நீர் மொண்டு, வாயால் கவ்விக்கொண்டு மேலே ஏறி அதற்குப் புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். விலங்குகள் விஷயத்திலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றிலும் உண்டு என்பதாகப் பதில் கிடைத்தது.

முதல் ஹதீஸை நாம் வழமையாக எப்படி விளங்குகிறோம்? நான் பூனையைக் கட்டி வைக்கவில்லையே, சுதந்திரமாகத்தானே விட்டேன் என்று விளங்குகிறோம். நானும் அப்படித்தான் சமாதானம் சொன்னேன். ஆனால் அந்தப் பெண் மீது சொல்லப்பட்ட குற்றம் கயிறு மட்டுமல்ல. பிழைக்கும் இரண்டு வழியையும் அடைத்ததுதான் குற்றம். பிறந்து மூன்று வாரமான குட்டிக்குப் பிழைக்கும் வழி ஒன்றே ஒன்றுதான், தாயின் பால். அதற்கு மீன் தலை உணவாகாது. ஏறத்தாழ எட்டு வாரமாகும் வரை தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பார்கள் மிருக வைத்தியர்கள். பசுப்பால் வைத்தாலும் வயிற்றோட்டம் வந்து சாகும். அப்படியானால் நான் சந்தையில் அவிழ்த்துவிட்டது சாக்கின் வாயை மட்டும்தான். கதவை அடைத்துவிட்டே வந்திருக்கிறேன்.

பூனை நஜீஸ், தொழும் வீட்டில் ஆகாது என்று சிலர் சொல்வதுண்டு. அபூகதாதா (ரழி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா வுழூச் செய்யத் தண்ணீர் வைத்தபோது ஒரு பூனை குடிக்க வந்தது. அவர்கள் அது குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு பார்த்தபோது, பூனை நஜீஸல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபியவர்கள் கற்றுத் தந்ததை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதி உள்ளிட்ட நூல்களில் இது இருக்கிறது. அதன் மலமும் சிறுநீரும் நஜீஸ்தான், கழுவ வேண்டும். அது வேறு விஷயம்.

அதேபோல் மறுபக்க மிகையும் வேண்டாம். பூனையை நேசிப்பது ஈமானின் ஒரு பகுதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி ஆதாரமற்றது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். நபியவர்கள் தூங்கும் பூனைக்காக ஆடையின் கையை வெட்டினார்கள் என்ற கதைக்கும் ஹதீஸ் கிரந்தங்களில் இடமில்லை. ஸஹீஹானவையே நமக்குப் போதும். அவை இலகுவானவையும் அல்ல.

அமீரின் முதுகில் விறகு

காலம் மாறியது. உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் அபூஹுரைரா பஹ்ரைனுக்கு அதிகாரியாக அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தபோது உமர் கணக்குக் கேட்டார்கள். குதிரைகள் ஈன்று பெருகிய விதத்தை விளக்கினார்கள். மறுபடி பதவி தர உமர் முன்வந்தபோது வேண்டாமென்று மறுத்துவிட்டார்கள். முஆவியா (ரழி) காலத்தில் மதீனாவின் ஆளுநராக இருந்த மர்வான், தான் இல்லாதபோது பொறுப்பை அவர்களிடம் ஒப்படைப்பார். அந்த நாட்களிலும் விறகுக் கட்டைத் தானே முதுகில் சுமந்து சந்தை வழியாகப் போவார்கள். அமீருக்கு வழி விடுங்கள் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். புஸ்ராவின் கூலியாளாக விறகு பொறுக்கிய அதே முதுகு.

அவர்களின் வீட்டில் ஏழு நாட்கள் விருந்தாளியாக இருந்த ஒருவர், இரவு எப்படிக் கழிந்தது என்பதை அறிவித்திருக்கிறார். அவர்களும் மனைவியும் பணியாளரும் இரவை மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் தொழுதுவிட்டு அடுத்தவரை எழுப்புவார். ஒரு சமயம் பொரித்த ஆட்டிறைச்சி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கூப்பிட்டபோது உட்கார மறுத்துவிட்டார்கள். வாற்கோதுமை ரொட்டியால்கூட வயிறு நிரம்பாமல் நபியவர்கள் இவ்வுலகைவிட்டுப் போனார்களே என்ற நினைவு அவர்களைத் தடுத்தது.

மரண நோயில் அழுதார்கள். உலகத்தை விட்டுப் போவதற்காக அல்ல, பயணம் தூரம், கட்டுச்சாதம் குறைவு என்பதற்காக. ஹிஜ்ரி 57 என்றும் 58 என்றும் 59 என்றும் சொல்லப்படும் ஆண்டில், ஏறத்தாழ 78 வயதில் வஃபாத்தானார்கள். மதீனாவின் ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் செய்யப்பட்டார்கள். மதீனாவின் திண்ணையில் ஒதுங்க இடம் கேட்டு வந்தவர் அதே மதீனாவின் மண்ணில் உறங்குகிறார்கள்.

எங்கள் வீட்டுத் திண்ணை

இதையெல்லாம் வாசித்து முடித்த பின்னர்தான், கைவிடப்பட்ட விலங்குகளைக் கொல்லாமல் பராமரிக்கும் ஒரு காப்பகத்துக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று குட்டிகள் பாய்ந்து விளையாடின. மூலையில் ஒரு கண் மங்கிய, வளர்ந்த பூனை ஒன்று உட்கார்ந்திருந்தது. யாரோ பையில் கட்டி வீதியோரம் விட்டது என்றார் அங்கு வேலை செய்யும் சிங்களச் சகோதரி. குட்டிகளைத்தான் எல்லோரும் கேட்பார்கள், இதை யாரும் கேட்பதில்லை என்றும் சொன்னார். அவர் எங்களைக் குற்றம் சாட்டும் தொனியில் பேசவில்லை. ஆனால் என் தொப்பியும் தாடியும் அந்த நேரம் எனக்குக் கனத்தன. அந்தப் பூனையையே கேட்டேன்.

விலை ஏதும் கேட்கவில்லை. பூனையை விற்ற காசைப் பற்றிக் கண்டித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதன் விளக்கத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருந்தொகை கொடுத்து வெளிநாட்டு இனப் பூனை வாங்குபவர்கள் அதை ஒருமுறை வாசிக்கட்டும். காப்பகத்தில் நாங்கள் கொடுத்தது தடுப்பூசிச் செலவுக்கு நன்கொடை. விசர் நோய்த் தடுப்பூசி அட்டையும் தந்தார்கள். வருடா வருடம் போட வேண்டும், இந்த நாட்டில் அந்த நோய் இன்னும் ஒழியவில்லை. கருத்தடை சத்திரசிகிச்சை ஏற்கெனவே செய்திருந்தார்கள். விலங்குகளை மலடாக்குவது பற்றிப் பழைய ஃபிக்ஹ் நூல்களில் வேறுபட்ட கருத்துகள் இருக்கின்றன. தேவை இருந்து, வேதனையின்றிச் செய்தால் ஆகும் என்று இக்கால உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிகளைப் பெறவிட்டுச் சாக்கில் கட்டுவதைவிட அந்தக் கேள்வியைக் கேட்பது நல்லது.

எல்லோரும் பூனை வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஆஸ்துமா இருக்கலாம், இடமில்லாமல் இருக்கலாம். ஆனால் ஜும்ஆவுக்குப் பின்னர் ஓர் அறிவிப்பு, குட்டிகளைச் சந்தையிலும் பள்ளி வாசலிலும் விட வேண்டாம், எட்டு வாரம் பொறுத்து வளர்ப்பவரைத் தேடுவோம் என்று. வருடத்தில் ஒரு நாள் மஹல்லாவுக்கு ஒரு மிருக வைத்தியரை அழைப்பது. குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு புள்ளி விடையோடு அந்த மரத்தின் கதையையும் சேர்த்துச் சொல்வது. இவை எந்த ஜமாஅத்துக்கும் பாரமில்லை.

வந்த முதல் வாரம் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பிறகு ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், முன் திண்ணையில் என் செருப்புக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருந்தது. பெயர் என்ன வைப்போம் என்று பேத்தி கேட்டாள். ஹுரைரா என்றேன். அப்படியென்றால் நீங்கள் யார் என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு நான் இன்னும் தகுதி பெறவில்லை.

சந்தையில் விட்ட அந்த நான்கு குட்டிகளின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. அந்தக் கணக்கு இந்த ஒரு பூனையால் தீருமா என்பதை அவனே அறிவான். நாயின் தாகம் தீர்த்தவரை மன்னித்த ரப்பு, தாமதமாக விளங்கிக்கொண்ட என்னையும் மன்னிப்பானாக. ஆமீன்.